அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்

காதில் குரல் கேட்கிறது என்று சொல்பவரிடம் அந்தக் குரலைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது, எடுத்தால் அது வளர்ந்துவிடும் என்றொரு நம்பிக்கை நம் வீடுகளில் வேரோடியிருக்கிறது. மதுரை கே.கே. நகருக்கு மனநல சிகிச்சைக்காக வந்து காத்திருக்கும் குடும்பங்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மேலூரிலிருந்து மகனை அழைத்து வந்த தகப்பனும், உசிலம்பட்டியிலிருந்து மனைவியைக் கூட்டி வந்தவரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: “அதப் பத்தி நாங்க வாயே தெறக்குறதில்லைங்க. கேட்டா கூடிப்போகும்னு சொன்னாக.” யார் சொன்னார்கள் என்று விசாரித்தால் ஆளுக்கொருவரைக் கைகாட்டுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர், பெரியப்பா, சில நேரம் ஒரு டாக்டர்.

இந்த நம்பிக்கை தவறு. தவறு என்பதோடு நிற்காமல், மனச்சிதைவு நோயோடு வாழும் ஒருவரை அவருடைய வாழ்க்கையின் மிகக் கொடிய அனுபவத்தோடு தனியாக விட்டுவிடுகிறது. அன்பின் பெயரால் நடக்கிறது என்பதாலேயே இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டாக வேண்டும்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் முன்வைப்பது நான்கு வாதங்கள். ஒன்று, அந்தக் குரல் உண்மையில்லை. இல்லாத ஒன்றைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? இரண்டு, அது பேசுவதெல்லாம் பிதற்றல். அதில் பொருள் தேடுவது வீண். மூன்று, கேட்கக் கேட்க நோயாளியின் நினைப்பு அதிலேயே ஊறும். குரல் பலம் பெறும். நான்கு, மாத்திரை இருக்கிறது. குரலை நிறுத்துவது அதன் வேலை. வீட்டாரின் வேலை மாத்திரையைக் கொடுப்பது மட்டும்தான்.

இவற்றில் எதுவும் கெட்ட மனதிலிருந்து பிறந்ததல்ல. நடுராத்திரியில் சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கும் மகனைக் கண்டு நடுங்கிப்போன ஒரு தாய், விடிந்ததும் அதைப் பற்றி மறுபடி பேச விரும்பமாட்டாள். மருத்துவர்கள் சொல்லும் ஒரு நல்ல அறிவுரையும் இதற்குள் கலந்திருக்கிறது. “அவரிடம் வாக்குவாதம் பண்ணாதீர்கள், குரல் பொய்யென்று நிரூபிக்கப் போராடாதீர்கள்” என்று அவர்கள் சொல்வது சரியானது. ஆனால் அந்த அறிவுரை வீடு போய்ச் சேர்வதற்குள் “பேசவே பேசாதீர்கள்” என்று ஆகிவிடுகிறது. வாதாடாமல் இருப்பது வேறு, வாயடைத்து நிற்பது வேறு.

இது ஏதோ ஒன்றிரண்டு வீட்டுச் சங்கதியும் அல்ல. உலகில் சுமார் 300 பேரில் ஒருவர் மனச்சிதைவு நோயோடு வாழ்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தில் 30 லட்சம் பேர் இருந்தார்கள். அந்த விகிதத்தை இங்கே பொருத்தினால் இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் சுமார் 10,000 பேர். அவர்களில் பத்துக்கு ஆறேழு பேருக்காவது ஏதாவதொரு கட்டத்தில் குரல் கேட்கிறது. 2015-16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, இத்தகைய கடுமையான மனநோய் உள்ளவர்களில் நான்கில் மூன்று பேர் அளவுக்குச் சிகிச்சை இல்லாமலேயே இருக்கிறார்கள் என்று காட்டியது. ஆக, பல்லாயிரம் வீடுகள் இந்த விதியைப் பின்பற்றுகின்றன. விதி தவறென்றால் அதன் விலையும் அவ்வளவு பெரிது.

முதல் வாதத்துக்கு வருவோம். வெளியே பேசுகிற ஆள் இல்லை என்ற அளவில், குரல் உண்மையில்லை என்பது சரி. ஆனால் கேட்பவருக்கு அது கேட்கத்தான் செய்கிறது. நினைத்துப் பார்ப்பதில்லை, கற்பனை பண்ணுவதில்லை; காதால் கேட்கிறார். சிலருக்கு ஜன்னலுக்கு வெளியிலிருந்து, சிலருக்கு ஓடும் ஃபேனுக்குள்ளிருந்து, சிலருக்குத் தலைக்குள்ளேயே. 1990களில் லண்டன் ஆய்வாளர்கள், நோயாளிகளுக்குக் குரல் கேட்டுக்கொண்டிருந்த நேரத்திலேயே அவர்களுடைய மூளையைப் படம் பிடித்தார்கள். பேச்சை உண்டாக்கும் பகுதி அப்போது சுறுசுறுப்பாக இயங்கிக்கொண்டிருந்தது. நம் எல்லோருக்குள்ளும் ஓயாமல் ஒரு உள்பேச்சு ஓடுகிறது. அது நம்முடையதுதான் என்று மூளை அடையாளம் கண்டுகொள்கிறது. அந்த அடையாளம் தவறும்போது சொந்தப் பேச்சே அடுத்தவர் பேச்சாகக் காதில் விழுகிறது என்பது இன்று ஆய்வாளர்கள் முன்வைக்கும் முக்கியமான விளக்கம். எல்லா வகைக் குரல்களுக்கும் இது பொருந்திவிடாது. ஆனால் “நடிக்கிறான்”, “சோம்பேறித்தனத்துக்குச் சாக்குச் சொல்றா” என்று சொல்வதற்கு இதற்குப் பிறகு இடமே இல்லை.

குரல் கேட்பது மனச்சிதைவு நோயாளிகளுக்கு மட்டும் உரியதும் அல்ல. டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் பகுதியில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசி, 1971இல் தன் ஆய்வை வெளியிட்டார். ஏறத்தாழ பாதிப் பேர், இறந்துபோன துணை ஏதோ ஒரு வகையில் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்திருந்தார்கள். நூற்றுக்கு 13 பேர் அந்தக் குரலைக் காதால் கேட்டிருந்தார்கள். அவர்களில் யாரும் பைத்தியமில்லை. ஆனால் பெரும்பாலோர் அதை யாரிடமும் சொன்னதில்லை. நம் ஊரிலும் காரியம் முடிந்த வீட்டில் அப்பத்தா கூப்பிட்ட மாதிரி இருந்தது என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். குரல் கேட்பது மட்டுமே நோயாகிவிடாது. அது எத்தனை நேரம் கேட்கிறது, எப்படி ஆட்டிப்படைக்கிறது, கேட்பவரைத் தூங்கவிடாமல், சாப்பிடவிடாமல், வேலைக்குப் போகவிடாமல் எவ்வளவு தூரம் முடக்குகிறது, கூடவே வேறு என்னென்ன மாற்றங்கள் வந்திருக்கின்றன என்பதை எல்லாம் வைத்துத்தான் நோய் தீர்மானிக்கப்படுகிறது. இதையெல்லாம் கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

“அங்க யாருமே இல்லடா, சும்மா இரு” என்று ஒரு தகப்பன் சொல்லும்போது மகன் கேட்பது என்ன? தன் காதால் கேட்டதை இல்லையென்று அப்பா சொல்கிறார். அப்படியென்றால் அப்பா பொய் சொல்கிறார், அல்லது அவரும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டார். ஏற்கெனவே எல்லோரையும் சந்தேகிக்கத் தொடங்கிவிட்ட ஒருவருக்கு இந்தப் பதில் சந்தேகத்தை உறுதிப்படுத்துகிறது. அதற்குப் பிறகு அவர் சொல்லமாட்டார். வீட்டாரோ “இப்பெல்லாம் அதப் பத்திப் பேசுறதே இல்ல, நல்லாயிட்டான்” என்று நிம்மதி அடைவார்கள். மருத்துவரிடமும் அப்படியே சொல்வார்கள். மருந்தின் அளவும் அதை வைத்தே முடிவாகும். மறைக்கப்பட்ட நோயும் குறைந்த நோயும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் இதிலுள்ள விபரீதம்.

இரண்டாம் வாதம், குரல் பேசுவது பிதற்றல் என்பது. இதை மறுக்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. சென்னையிலேயே சான்று இருக்கிறது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படும் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவர்கள் ஆர். பத்மாவதியும் ஹேமா தரூரும், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மானுடவியலாளர் தான்யா லூர்மனோடும் கானா நாட்டு மருத்துவர் ஒருவரோடும் சேர்ந்து செய்த ஆய்வு 2015இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளிவந்தது. கலிபோர்னியாவின் சான் மத்தேயோவில் 20 பேர், கானாவின் அக்ராவில் 20 பேர், சென்னையில் 20 பேர். எல்லோரும் குரல் கேட்பவர்கள். உங்களுக்கு என்ன கேட்கிறது, யார் பேசுகிறார்கள், அவர்களோடு உங்களுக்கு என்ன உறவு என்று உட்கார்ந்து கேட்டார்கள்.

பதில்கள் ஊருக்கு ஊர் மாறின. அமெரிக்கர்கள் பெரும்பாலும் முகம் தெரியாத குரல்களைக் கேட்டார்கள். சித்திரவதை, கொலை, போர் என்று வன்முறை நிறைந்த பேச்சு. அதைத் தங்கள் மூளையில் உண்டான கோளாறாகவே விவரித்தார்கள். அக்ராவில் பலருக்குக் கடவுள் பேசினார். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கேட்டது சொந்தபந்தங்களின் குரல். அம்மா, அப்பா, மாமியார், நாத்தனார், அக்கா. குளி, சமையல் பண்ணு, வீட்டைக் கூட்டு என்று வேலை ஏவும் குரல்கள் அவற்றில் இருந்தன. திட்டும் குரல்கள் இருந்தன. உடலையும் பாலுறவையும் பற்றிக் கூசவைக்கும் விதமாகப் பேசும் குரல்களும் இருந்தன.

வெறும் இரைச்சலாக இருந்தால் குரல் ஊருக்கேற்ப மாறியிருக்காது. அது அவரவர் வாழ்க்கையிலிருந்து சொற்களை எடுக்கிறது. மாமியாரின் ஏச்சைக் கேட்டுக்கேட்டே பல வருஷம் அடுப்படியில் நின்ற ஒரு பெண்ணுக்கு நோய் வரும்போது, குரல் மாமியாருடையதாக வருவதில் வியப்பில்லை. நோய்க்கு மாமியார் காரணம் என்று இதற்குப் பொருளில்லை. மனச்சிதைவுக்குப் பரம்பரையும் மூளை வளர்ச்சியும் வாழ்க்கை நெருக்கடிகளும் சேர்ந்த பல காரணங்கள் உண்டு. குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய பழைய கோட்பாடுகள் தோற்றுப்போய் வெகுகாலமாகிறது. நான் சொல்வது இதுதான்: நோய் ஏன் வந்தது என்பதைக் குரல் சொல்லாது. அந்த மனுஷி எதற்குப் பயப்படுகிறாள், எதற்கு வெட்கப்படுகிறாள், எது அவளை நோகடிக்கிறது என்பதைச் சொல்லும். அவளைப் பராமரிக்கிறவருக்கு இதைவிடத் தேவையான செய்தி வேறென்ன இருக்கிறது?

உயிரைப் பற்றிய செய்தியும் அதில் இருக்கும். சில குரல்கள் விமர்சனம் பண்ணும், சில பெயர் சொல்லிக் கூப்பிடும், சில கட்டளையிடும். “சோத்துல விஷம் வச்சிருக்காங்க, சாப்பிடாத.” “அந்த மாத்திரையப் போடாத.” “கெணத்துல குதி.” மனச்சிதைவு நோயாளிகளில் சுமார் 5 சதவீதம் பேர் தற்கொலையில் உயிரிழக்கிறார்கள் என்று ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. நோய் தொடங்கிய முதல் சில வருஷங்கள் மிகவும் ஆபத்தானவை. மகன் நாலு நாளாகச் சாப்பாட்டைத் தொடாததற்குக் குரல் காரணமா, மாத்திரையைத் துப்பிவிடுவதற்குக் குரல் காரணமா, மொட்டைமாடிக்கு அடிக்கடி போவதற்குக் குரல் காரணமா என்று கேட்காத வீடு, கண்ணெதிரே வரும் ஆபத்தைப் பார்க்காத வீடு. தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணம் தூண்டப்படும் என்று ஒருகாலத்தில் பயந்தார்கள். கேட்பதால் அது விதைக்கப்படுவதில்லை, கேட்டால்தான் காப்பாற்ற முடியும் என்பது இன்று நிலைநாட்டப்பட்ட விஷயம். கட்டளைக் குரலுக்கும் அதே நியாயம்தான்.

குரல் கேட்பவர் என்றாலே கத்தியைத் தூக்குவார் என்ற பயத்துக்கு நம் சினிமாவும் ஒரு காரணம். ‘அந்நியன்’, ‘சந்திரமுகி’ போன்ற படங்கள் காட்டியது வேறொரு கோளாறை. ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள் என்ற அந்தச் சித்திரத்தை ஜனங்கள் மனச்சிதைவோடு போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். மனச்சிதைவு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அடி வாங்குகிறவர்களாகத்தான் அதிகம் இருக்கிறார்கள். அரிதாக ஒரு குரல் பிறரைத் தாக்கச் சொல்கிறது என்றால், அதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளக் கேட்பதைத் தவிர வழியில்லை.

மூன்றாவதுதான் இருப்பதிலேயே பலமான வாதம்: கேட்டால் வளரும். இது உண்மையென்றால், நான் இதுவரை சொன்ன அத்தனையும் அடிபட்டுப்போகும். ஆனால் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் மனநல மருத்துவர் மாரியஸ் ரோம், பாட்சி ஹேக் என்ற தன் நோயாளியின் வற்புறுத்தலுக்குப் பிறகே குரல்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கினார். 1987இல் இருவரும் தொலைக்காட்சியில் தோன்றிக் குரல் கேட்பவர்கள் தொடர்புகொள்ளலாம் என்றபோது நூற்றுக்கணக்கானோர் அழைத்தார்கள். அவர்களில் பலர் மனநல மருத்துவரிடம் போகாமலேயே குரலோடு குடித்தனம் நடத்தப் பழகியிருந்தார்கள். குரல் கேட்பவர்கள் ஒருவரோடொருவர் கூடிப் பேசும் குழுக்கள் அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவின.

இன்னும் கறாரான சோதனை லண்டனில் நடந்தது. ஜூலியன் லெஃப் என்ற மருத்துவர் ஒரு முறையை உருவாக்கினார். நோயாளி, தன்னைத் துன்புறுத்தும் குரலுக்குக் கணினியில் ஒரு முகம் கொடுப்பார். சிகிச்சையாளர் அந்த முகத்தின் வழியாக அந்தக் குரலாகவே பேசுவார். நோயாளி அதை எதிர்த்துப் பேசப் பழகுவார். கேட்டால் வளரும் என்ற வாதம் சரியென்றால், இந்த முறை ஆட்களை நாசமாக்கியிருக்க வேண்டும். 150 பேரிடம் சோதித்து வெளியிடப்பட்ட முடிவு என்ன? 12 வாரங்களில், ஆதரவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்குக் குரலின் கொடுமை அதிகமாகக் குறைந்திருந்தது. 24ஆம் வாரத்தில் இரு குழுவும் ஏறத்தாழ ஒரே நிலைக்கு வந்தன. ஆலோசனை பெற்றவர்களும் முன்னேறியிருந்தார்கள். இது அதிசய மருந்து என்று நான் சொல்லவில்லை. அந்தக் குரலையே எதிரில் உட்காரவைத்துப் பேசியபோதும் அது வளரவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

குரலை வளர்ப்பது எது? தனிமை, தூக்கமின்மை, மன உளைச்சல், வேலையின்றி அறைக்குள் முடங்கிக் கிடப்பது, இருக்கும் மருந்தை விடுவது. இவை குரலைக் கூட்டும் என்பதை நோயாளிகளும் மருத்துவர்களும் ஒருசேரச் சொல்கிறார்கள். மாறாக, யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும்போதும், வாய்க்குள் பாட்டை முணுமுணுக்கும்போதும் குரல் தணிவதைப் பலர் கவனித்திருக்கிறார்கள். உள்பேச்சுதான் குரலாகிறது என்ற விளக்கத்தோடு இது பொருந்துகிறது. வாய் பேசும்போது அந்த இடம் நிரம்பிவிடுகிறது. குரலைப் பற்றி வாயே திறக்காத வீட்டில் நாளாவட்டத்தில் அந்த நோயாளியோடு வேறு பேச்சும் குறைகிறது. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்ற இரண்டு கேள்வியோடு உறவு நின்றுவிடுகிறது. அப்போது அவரோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பது அந்தக் குரல் ஒன்றுதான். குரல் வளர்வதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

நான்காம் வாதம், மாத்திரை போதும் என்பது. மாத்திரை வேண்டும். இதில் எனக்குத் துளியும் தயக்கமில்லை. 1950களில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து வந்த பிறகுதான் காப்பகங்களுக்குள் ஆயுள் முழுக்கக் கிடந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். பலருக்கு மருந்து குரலை முழுவதும் நிறுத்துகிறது. இன்னும் பலருக்கு ஓரத்துக்குத் தள்ளுகிறது. ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வழக்கமான மருந்துகள் போதிய பலன் தருவதில்லை. அவர்களுக்கென்று குளோசபின் இருக்கிறது. ரத்தப் பரிசோதனையோடு கவனமாகக் கொடுக்க வேண்டிய மருந்து. அதற்கும் கட்டுப்படாதவர்கள் உண்டு. குரலைப் பற்றிக் கேட்கவே கூடாது என்ற விதி, இவர்களிடம் என்ன சொல்கிறது? உன் குரல் போகவில்லையா, சரி, அதை நீயே வைத்துக்கொள், எங்களிடம் சொல்லாதே என்கிறது. மருந்து குரலைக் குறைத்ததா என்று தெரிந்துகொள்வதற்கே குரலைப் பற்றிக் கேட்டாக வேண்டும். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கூடாது என்று யாராவது சொல்வார்களா?

இங்கே நம் ஊரைப் பற்றி ஒன்றை வெளிப்படையாகப் பேச வேண்டும். கே.கே. நகரில் 1992இல் மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இயங்குகிறது. மனநோய் உள்ளவர்களின் மறுவாழ்வுக்கு உழைக்கும் நிறுவனங்களில் தென்மாவட்டங்கள் அறிந்த பெயர் அது. கொஞ்ச தூரத்தில் மேலமடையில் பாண்டி கோயில். இன்னொரு பக்கம் கோரிப்பாளையம் தர்கா. மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கும் குடும்பம் இவற்றில் எதை நோக்கி முதலில் போகிறது? பல குடும்பங்கள் கோயில், தர்கா, கோடாங்கி என்று சுற்றிய பிறகுதான் மருத்துவரிடம் வருகின்றன. இதை மூடநம்பிக்கை என்று சொல்லித் தள்ளிவிட்டுப் போகிறவர்கள், ஜனங்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதை யோசிப்பதே இல்லை.

கோடாங்கி கேட்கிறார். உடுக்கையை அடித்துவிட்டு, “யாரு நீ? எந்த ஊரு? எதுக்கு இந்தப் புள்ளயப் புடிச்ச? என்ன வேணும் ஒனக்கு?” என்று கேட்கிறார். வீட்டிலும் மருத்துவமனையிலும் யாரும் கேட்காத கேள்வியை அவர் கேட்கிறார். கேட்கும் அந்தக் குரலுக்கு ஒரு பெயரும் ஒரு கதையும் கிடைக்கின்றன. வந்த கூட்டம் அதை நம்புகிறது. நோயாளிக்கு, தான் சொன்னதை முதன்முதலாக ஊர் ஏற்றுக்கொண்டது போலிருக்கிறது. அந்த ஆறுதலை நான் அற்பமாக நினைக்கவில்லை. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் உறவினரோடு தங்கியிருந்த 31 மனநோயாளிகளை ஆராய்ந்து மனநல மருத்துவர் ரகுராமும் சக ஆய்வாளர்களும் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மருந்தும் இல்லை, பேயோட்டலும் இல்லை. வெறுமனே அங்கே தங்கி அன்றாட வேலைகளில் கலந்துகொண்டவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வுதான். ஆனால் ஏற்றுக்கொள்ளப்படுவதற்கும் ஒரு பலன் உண்டு என்பதை அது காட்டுகிறது.

கோடாங்கியிடம் உள்ள பிழை வேறு. அவர் பேயிடம் கேட்கிறார். அந்தப் பிள்ளையிடம் கேட்பதில்லை. பேய் போக மறுத்தால் வேப்பிலை அடியாகிறது, அடி சூடாகிறது, சூடு சங்கிலியாகிறது. அந்தச் சங்கிலி எங்கே கொண்டுபோய்விடும் என்பதை 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி நாட்டுக்குக் காட்டியது. மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அங்கிருந்த அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். இன்று ஏர்வாடி தர்காவை ஒட்டியே அரசு மனநல மருத்துவர்கள் சிகிச்சை தருகிறார்கள். பிரார்த்தனைக்கு வந்தவர் மருந்தும் வாங்கிக்கொண்டு போகலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோயாளிகளை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது.

சட்டம் இரும்புச் சங்கிலியைத் தடுக்கும். ஒருவர் சொல்வதைச் சொல்லாகவே மதிக்காத மனப்பான்மையை அது தடுக்காது. ஏர்வாடியில் கட்டிப்போடப்பட்டவர்களின் கூச்சல் நோயின் கூச்சலாகவே கருதப்பட்டது. அவர்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும் என்று அவர்களைக் கட்டியவர்கள் நினைக்கவில்லை. “அது கெடக்கு, கண்டுக்காதீங்க” என்று நம் வீட்டில் சொல்லும்போது அதே நினைப்பின் மென்மையான வடிவத்தைத்தான் நாமும் பழகுகிறோம். கோடாங்கியின் கேள்வியை மருத்துவமனை எடுத்துக்கொள்ள வேண்டும். பேயிடம் கேட்ட கேள்வியை அந்த ஆளிடம், அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

என் வாதத்தை எதிர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னை ஆய்வைக் காட்டி, நம் பண்பாட்டில் குரல்கள் சாந்தமானவை, மேற்கத்திய மருந்து நமக்கு வேண்டாம் என்று பேசும் பெருமிதம் கிளம்பியிருக்கிறது. அந்த ஆய்வில் பேசிய சென்னைக்காரர்கள் சிகிச்சையில் இருந்தவர்கள். ஓரிடத்துக்கு 20 பேர் என்ற சிறிய எண்ணிக்கை அது. அவர்களுடைய குரல்கள் எல்லாம் அன்பானவையாகவும் இல்லை; உறவினர் குரலில் வரும் அவமானம் அந்நியர் குரலில் வருவதைவிடக் குறைவாக வலிக்கும் என்று யார் சொன்னது? குரலைக் கேளுங்கள் என்று நான் சொல்வது மருந்தை நிறுத்தச் சொல்வதாகாது. குரல் சொல்வதற்குக் கீழ்ப்படியச் சொல்வதும் ஆகாது. குரல் நிஜம்தான் என்று சேர்ந்து தலையாட்டச் சொல்வதும் ஆகாது.

“நாங்க படிக்காத ஆளுக, எப்படிக் கேக்குறதுன்னு தெரியலையே” என்பார்கள். இதற்குப் படிப்பு வேண்டாம். அமைதியான ஒரு நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து, “இப்பக் கேக்குதாய்யா?” என்று கேட்கலாம். யார் குரல் மாதிரி இருக்கிறது, என்ன சொல்கிறது, எதையாவது செய்யச் சொல்கிறதா, கேட்கும்போது உனக்கு எப்படி இருக்கிறது, என்ன செய்தால் கொஞ்சம் குறைகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். “எனக்குக் கேக்கல. ஆனா ஒனக்குக் கேக்குதுன்னு எனக்குத் தெரியும்” என்று சொல்லலாம். இந்த ஒரு வாக்கியத்தில் பொய் இல்லை, வாக்குவாதம் இல்லை, அவரைக் கைவிடுவதும் இல்லை. சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிட்டு இன்னொரு நாள் கேட்கலாம். சாகச் சொல்கிறது, அடிக்கச் சொல்கிறது, சாப்பிடவிடாமல் தடுக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ராத்திரி நேரமென்றால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

மருத்துவர்களிடமும் கேட்கிறேன். புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள் என்பது தெரியும். “தூக்கம் வருதா, மாத்திரை போடுறாரா” என்ற இரண்டு கேள்வியோடு மூன்றாவதாக “குரல் இப்போ என்ன சொல்லுது?” என்று நோயாளியைப் பார்த்துக் கேளுங்கள்; கூட வந்தவரைப் பார்த்துக் கேட்காதீர்கள். அந்தப் பதிலைச் சீட்டில் எழுதுங்கள். அடுத்த முறை அதிலிருந்து தொடங்குங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் உளவியலாளருக்கும் சமூகப் பணியாளருக்கும் இடம் இருப்பதே இந்தப் பேச்சுக்காகத்தான். அந்த இடங்களை நிரப்பி, அவர்களை மருந்துச் சீட்டு எழுதும் வேலைக்கு இழுக்காமல் பேசும் வேலைக்கு விட வேண்டியது அரசின் கடமை. அதே 2017 சட்டம், நோய் முற்றும் காலத்தில் தனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது என்று ஒருவர் தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கும் உரிமையைத் தருகிறது. தனக்கு எந்தக் குரல் வந்தால் ஆபத்து, அப்போது யாரைக் கூப்பிட வேண்டும் என்று அறிந்தவர் அந்த நோயாளி மட்டும்தான். வருஷக்கணக்கில் அவரைப் பேசவிடாமல் வைத்திருந்தால் அந்தத் தாளில் அவர் எதை எழுதுவார்?

குரல் கேட்கும் ஒருவர் அதை நம்மிடம் சொல்வது எளிதான காரியமல்ல. சொன்னால் பைத்தியம் என்பார்கள், கட்டிப்போடுவார்கள், கல்யாணம் நின்றுபோகும், வேலை போகும் என்று எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்த பிறகும் அவர் சொல்கிறார். அது நம் மீது அவர் வைக்கும் நம்பிக்கை. அதற்கு மௌனத்தைப் பதிலாகக் கொடுப்பது சிகிச்சை ஆகாது, பாதுகாப்பும் ஆகாது. கேட்டால் வளரும் என்ற விதியை இன்றோடு விடுங்கள். அவரிடம் கேளுங்கள், கேட்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள், மருத்துவர் கேட்கவில்லையென்றால் கேட்கச் சொல்லி வற்புறுத்துங்கள்.